முயலைத் தந்தோம், புல்லைத் தந்தோமா?

"கரட்டும் குடுத்தேன், பிஸ்கட்டும் குடுத்தேன் ஃபாதர். அப்புறம் ஏன் செத்துச்சு?"

கண்டிக்குக் கிழக்கேயுள்ள ஒரு தோட்டத்தில், தற்காலிகக் குடில் ஒன்றின் வாசலில் நின்றுகொண்டு ஒன்பது வயதுச் சிறுமி எம்மிடம் கேட்ட கேள்வி இது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் அவள் வாழ்ந்த லயத்துக்குப் பின்னாலிருந்த மலை இறங்கியது. உயிர்கள் தப்பின. காம்பராவும், அப்பா பயிரிட்டிருந்த மரக்கறித் துண்டும், சினைப்பசு ஒன்றும் மண்ணுக்குள் போயின. பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு முயற்குட்டியை அவள் கையில் வைத்தவர்கள் நாம்தான். இரண்டு கிழமை துள்ளி விளையாடியது. பிறகு ஒரு நாள் மாலை வயிறு ஊதி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் குந்திவிட்டது. விடியுமுன் இறந்துபோனது.

"குட்டிக்கு ஏதோ நோய் வந்திருக்கும்" என்று அன்று அவளுக்குப் பதில் சொன்னோம். அது உண்மையல்ல. அந்த முயலுக்கு எந்தக் கிருமியும் முதலில் வரவில்லை. அதற்குச் சாப்பாடு பிழைத்தது. பிழையான சாப்பாட்டைக் கொடுத்தவள் அந்தப் பிள்ளை என்று சொல்லவும் எமக்கு மனம் வரவில்லை, ஏனெனில் முயல் எதைத் தின்னும் என்று அவளுக்கோ அவள் அம்மாவுக்கோ எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முயலையும் ஒரு தகரக் கூட்டையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். எமது சிந்தனையில் அன்று புல் என்ற ஒன்றே இருக்கவில்லை. அந்தக் குடில்கள் இருந்த மைதானத்திலும் புல் இருக்கவில்லை. கிறவல் கொட்டிச் சமப்படுத்திய நிலம் அது.

இப்பத்திரிகையை வாசிக்கும் குடும்பங்களில் பலர் பலமுறை இடம்பெயர்ந்தவர்கள். 1977 இலும் 1983 இலும் மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போய், அங்கிருந்தும் பின்னர் துரத்தப்பட்டு மீண்டவர்கள் உண்டு. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீரில் மூழ்கியபோது எழும்பியவர்கள் உண்டு. அண்மையில் மலை சரிந்ததால் வந்தவர்கள் உண்டு. எல்லோரும் நிலத்தையும் கால்நடையையும் அறிந்தவர்கள். பசுவின் வயிற்றில் கைவைத்துப் பார்த்தே நோயைச் சொல்லக்கூடிய அம்மாமாரை நாம் கண்டிருக்கின்றோம். அப்படிப்பட்டவர்களே முயல் விடயத்தில் தவறுகின்றார்கள் என்றால் காரணம் ஒன்றுதான்: முயல் எமது பட்டியில் வளர்ந்த விலங்கல்ல. கண்டிக் காடுகளில் ஓடுகின்ற காட்டு முயல் வேறு இனம். கூட்டில் வளர்க்கும் முயல் ஸ்பெயின் பக்கத்துப் புல்வெளிகளைச் சேர்ந்த வேறொரு சாதி; ஐரோப்பியர் பழக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தது. பசுவைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாலும் பிழை, நாயைப் பார்ப்பதுபோல் மிச்சச் சோறு போட்டாலும் பிழை.

முயலின் வயிற்றுக்குள் என்ன நடக்கின்றது என்பதைச் சற்றே விரிவாகச் சொல்ல வேண்டும். இதை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் புல்லைப் புளிக்கவைக்கும் பை முன்னால் இருக்கின்றது. முயலுக்கு அது பின்னால் இருக்கின்றது. சிறுகுடல் முடிகின்ற இடத்தில் குருட்டுக்குடல் என்னும் பெரிய பை ஒன்று உண்டு. முயலின் உணவுப் பாதையில் உள்ளவற்றில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்த ஒரு பைக்குள்ளேயே கிடக்கும். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்து புல்லின் மென்மையான பகுதியைப் புளிக்கவைத்துப் புரதமும் உயிர்ச்சத்தும் ஆக்குகின்றன. புல்லின் கடினமான நார் அந்தப் பைக்குள் போவதில்லை. அது நேரே கீழிறங்கி உருண்டைப் புழுக்கையாக வெளியே வருகின்றது. ஆனால் அந்த நார்தான் குடல் முழுவதையும் அசைய வைக்கின்றது. நார் குறைந்தால் குடல் மெதுவாகும். குடல் நின்றால் முயல் நிற்கும்.

குருட்டுக்குடலில் உண்டான சத்தை முயல் எப்படி எடுத்துக்கொள்கின்றது? இரவிலும் அதிகாலையிலும் மெல்லிய சளி போர்த்த, திராட்சைக் குலை போன்ற மென்மையான வேறு வகைப் புழுக்கை ஒன்றை அது வெளியிடுகின்றது. நிலத்தில் விழுமுன்னரே வாயை வைத்து அதை விழுங்கிவிடுகின்றது. அதைக் கண்டு "சீ, பீ தின்னுது சுவாமி" என்று ஒரு பாட்டி எம்மிடம் முறையிட்டார். அருவருக்க வேண்டாம். அதைத் தடுத்தால் முயல் சத்துக் குறைந்து மெலியும். லேவியர் நூலின் 11 ஆம் அதிகாரம் முயலை அசைபோடும் விலங்குகளோடு சேர்த்து எண்ணுவதைக் குருமடத்தில் படித்தபோது, "முயல் எங்கே அசைபோடுகின்றது?" என்று நாம் கேட்டதுண்டு. மாட்டைப்போல் அது அசைபோடுவதில்லை என்பது சரி. ஆயினும் ஒரே உணவை இரண்டு தடவை உண்ணும் விலங்கு அது. பாலைநிலத்து மக்கள் அதன் தாடை ஓயாமல் அசைவதைக் கூர்ந்து பார்த்திருக்கின்றார்கள். நாம் அந்த அளவுக்குக் கூடப் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு விடயங்கள். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் ஆண்டுக்கு 10 முதல் 12 சென்ரிமீற்றர் வரை வளரும். புல்லை மணிக்கணக்காக அரைப்பதால்தான் அவை தேய்கின்றன. பாணும் சோறும் மெல்லாமலே இறங்குபவை. பல் நீண்டு கன்னத்தைக் குத்தத் தொடங்கினால் முயல் உண்ண மறுக்கும். உண்ணாவிட்டால் குடல் நிற்கும். மற்றது, முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன பிழையான உணவு வந்த வழியே திரும்பாது.

இப்போது அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருவோம். கரட்டில் இனிப்பு அதிகம். பாண், பிஸ்கட், சோறு, பருப்பு எல்லாம் மாப்பொருள். நிவாரணப் பொதியில் வருவதும் இவைதானே. இவை குருட்டுக்குடலை அடையும்போது, நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிக் கெட்டவை பெருகுகின்றன. வாயு உண்டாகின்றது. வயிறு முரசுபோல் ஊதுகின்றது. அல்லது மூக்கைப் பொத்தும் வயிற்றோட்டம் தொடங்குகின்றது. குட்டிகளுக்கு இது இன்னும் கொடியது. தாய்ப்பாலிலிருந்து புல்லுக்கு மாறுகின்ற நான்காம் கிழமையிலிருந்து எட்டாம் கிழமை வரையான காலத்தில் அவற்றின் குருட்டுக்குடலில் நுண்ணுயிர்கள் இன்னும் நிலைகொள்ளவில்லை. சந்தையில் விற்கப்படும் "அழகான சின்னக் குட்டி" பெரும்பாலும் அந்த வயதுதான். தாயிடமிருந்து பிரித்து, பஸ்ஸில் ஏற்றி, புதிய கூட்டில் விட்டு, அன்றே கரட்டும் கொடுத்தால் அது பிழைப்பது அரிது. ஆறு கிழமைக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது. எட்டுக் கிழமை என்றால் நல்லது. பால்மா கரைத்துக் கொடுப்பதும் உதவியாகாது, ஓட்டத்தையே கொண்டுவரும்.

முயலுக்குக் கரட் என்ற எண்ணம் எமக்கு எங்கிருந்து வந்தது? தொலைக்காட்சியில் ஓடும் அமெரிக்கச் சித்திரப் படத்து முயலிடமிருந்துதான். எமது அயலவரான பௌத்தர்கள் சந்திரனில் முயலைக் காண்பதற்குக் காரணமான ஜாதகக் கதை வேறு விதமாகச் சொல்கின்றது. அதில் வரும் முயலிடம் விருந்தாளிக்குக் கொடுக்கப் புல்லைத் தவிர வேறொன்றும் இல்லை; மனிதருக்குப் புல்லைக் கொடுக்க முடியாதே என்றுதான் அது தன் உடம்பையே கொடுக்கத் துணிகின்றது. அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு முயலின் உணவு என்னவென்று தெரிந்திருந்தது.

ஆகவே முயலின் கூட்டில் இரவும் பகலும் இருக்க வேண்டியது புல். அதன் உடம்பளவு பருமனுள்ள ஒரு கட்டுப் புல்லாவது நாளொன்றுக்கு வேண்டும். அதற்கு மேல் ஒரு பிடி கீரை போதும். கரட் என்றால் விரலளவுத் துண்டு, கிழமைக்கு ஓரிரு தடவை, அதுவும் வளர்ந்த முயலுக்கு. கரட்டின் கிழங்கை விட அதன் தழை நல்லது என்பதை மரக்கறி செய்தவர்கள் நினைவில் வைத்தால் செலவும் மிச்சம். கண்டிச் சந்தையில் கழித்துப் போடும் கோவா இலையை மூட்டையாகக் கட்டிவந்து போடுவோர் உண்டு. ஒரு இலை கேடு செய்யாது. ஒரு மூட்டை, அதுவும் வாடி அழுகிப் புளித்தது, கேடு செய்யும்.

புல் என்றால் எந்தப் புல்? கண்டி, மாத்தளைப் பக்கத்து வீதியோரங்களிலும் கைவிடப்பட்ட தேயிலை மலைகளிலும் ஆளுயரம் வளர்ந்து நிற்கும் கினிப்புல் முதலிடம் பெறும். முற்றித் தண்டானதை விட, பூக்குமுன் வெட்டியது நல்லது. அறுகம்புல் அருமையானது. தேயிலை மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுவதற்காகத் தோட்டங்களில் நடும் குவாத்தமாலாப் புல்லையும் முயல் தின்னும். மாடு வளர்ப்போர் வேலியோரம் நடுகின்ற சீ.ஓ. 3 புல், கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. அதன் இளம் இலைகளை அரைநாள் வாடவிட்டுக் கொடுக்கலாம். மானாப்புல்லைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதன் மணமும் கூர்மையும் தெரிந்தவர்களுக்கு முயல் ஏன் அதைத் தொடாது என்பதும் தெரியும். வற்றாளைக் கொடி, செவ்வரத்தை இலை, வாழையிலை, அகத்தி, முருங்கை இவற்றில் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக் கொடுக்கலாம்.

கிளிரிசீடியாவைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. வடக்கில் சீமைக்கிளுவை என்பார்கள். தேயிலைக்கும் மிளகுக்கும் நிழலாகவும் தாங்கு மரமாகவும் எங்கும் நிற்பதால், ஆட்டுக்கு ஒடிக்கும் கையோடு முயலுக்கும் ஒடித்துப் போடுகின்றோம். குருமடத்தில் இலத்தீன் படித்தது எமக்கு எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் இங்கே உதவியது: அந்தப் பெயருக்கே எலிகொல்லி என்று பொருள். மத்திய அமெரிக்காவில் அதன் பட்டையையும் விதையையும் எலிக்கு நஞ்சாகப் பயன்படுத்தினார்கள். வாடவிட்ட இலையைச் சிறிதளவு முயல் தாங்கும். அதையே முழு உணவாக்கக் கூடாது. இப்பில் இப்பில் இலையிலும் மைமோசின் என்ற நஞ்சு உண்டு; தொடர்ந்து கொடுத்தால் முயலின் மயிர் உதிரும். ஹவாய்த் தீவின் ஆடுகளுக்கு அந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் வயிற்றில் இருப்பதை 1980களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்து, அதைத் தம் நாட்டு மாடுகளுக்கும் கொடுத்தார். முயலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆனைக்கொய்யா என்னும் அவகாடோவின் இலை, நாயுண்ணிச் செடி, உருளைக்கிழங்குத் தழை, தக்காளித் தழை, பச்சை மரவள்ளி இலை இவற்றைக் கூட்டின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

மழைக்காலத்தில் "நனைந்த புல் கொடுத்தால் முயல் செத்துவிடும்" என்று எல்லோரும் சொல்கின்றார்கள். புல்லிலுள்ள ஈரம் தன்னளவில் நஞ்சல்ல. நனைந்த புல்லைச் சாக்கில் அமுக்கி, அடுத்த நாள் வரை மூலையில் வைத்தால் அது உள்ளே சூடேறிப் புளிக்கும். கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தப் புல்தான் ஆபத்து. வெட்டியதைப் பரப்பி, அன்றே கொடுத்துவிட வேண்டும். தை முதல் பங்குனி வரை கண்டிப் பக்கம் வெயில் கிடைக்கும்போது கினிப்புல்லை இரண்டு மூன்று நாள் காயவைத்து, கூரையின் கீழ்க் கட்டித் தொங்கவிட்டால் அடைமழைக்கு உதவும். பூஞ்சணம் பிடித்ததை எறிந்துவிடுங்கள்.

புல் எங்கே வெட்டுவது என்பதுதான் இனி நாம் சொல்ல வந்த முக்கிய விடயம். தேயிலை நிரைகளுக்கிடையில் உள்ள புல்லுக்குக் களைகொல்லி அடித்திருப்பார்கள். 2015 இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்ட கதையைத் தோட்டத்தில் வாழ்பவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. மருந்தடித்த நாளை வெளிக்கள உத்தியோகத்தரிடமோ மருந்தடிக்கும் அண்ணன்மாரிடமோ கேட்காமல் அங்கே வெட்ட வேண்டாம். பெருவீதி ஓரப் புல்லில் வாகனப் புகையும் அழுக்கும் படிந்திருக்கும். அப்படியானால் மிஞ்சுவது எது? முன்பு வாழ்ந்த சரிவு. அங்கேதான் புல் நிறைய நிற்கின்றது, ஏனெனில் அங்கே இப்போது மனிதர் இல்லை.

இதைச் சொல்லும்போது எமக்கு நெஞ்சு பதைக்கின்றது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயமென்று குறித்த சரிவுகளில் சாக்கும் கத்தியுமாக ஏறிப் புல் வெட்டும் பெண்களை நாம் கண்டோம். மாட்டுக்காக ஏறுகின்றார்கள். பிள்ளையின் முயலுக்காகவும் ஏறுகின்றார்கள். வெடிப்பு விட்ட நிலத்தில், மழை தூறிக்கொண்டிருக்கும்போது, நாம் அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு முயலுக்காக ஒரு தாய் அங்கே ஏறுவாரானால், அந்த அன்பளிப்பின் விலை என்ன? தயவுசெய்து ஏற வேண்டாம், அம்மா. புல் இல்லாத நாளில் வாழையிலையையும் வற்றாளைக் கொடியையும் கொடுத்து அந்த நாளைக் கடத்துங்கள்.

ஆனால் இந்த வேண்டுகோளை மக்களிடம் மட்டும் வைத்துவிட்டு நாம் தப்பிக்க முடியாது. உதவி செய்யும் எம்மைப் போன்றவர்களிடையே ஒரு பழக்கம் இருக்கின்றது. கால்நடையைக் கொடுப்போம், தீவனத்தைப் பற்றிப் "பயனாளிகளின் பங்களிப்பு" என்று அறிக்கையில் எழுதுவோம். பங்களிக்க அவர்களிடம் என்ன இருக்கின்றது? நிலம் போய்விட்டது. இருக்கும் இடம் தோட்டத்தினுடையது, அல்லது பாடசாலை மைதானம், அல்லது கோயில் வளவு. அங்கே ஒரு வரிசை புல் நடுவதற்குக் கூட அனுமதி கேட்க வேண்டும். அந்த அனுமதியைக் கேட்டு வாங்கித் தருவது எமது வேலை. முயல் வாங்குவதை விட அது கடினம், அதனால்தான் எவரும் செய்வதில்லை. முயலோடு படம் எடுத்தால் அழகாக இருக்கும், புல்லோடு எடுத்தால் இருக்காது.

சோடியாகக் கொடுப்பது இன்னொரு தவறு. முயல் 31 நாளில் குட்டி போடும். உடனே மறுபடி சினையாகும். ஒரு முயலுக்கே புல் தேடித் திண்டாடும் குடும்பம் சில மாதங்களில் பத்துக்கு எங்கே போகும்? பிள்ளையின் விளையாட்டுத் தோழனாகத் தருவதென்றால் தனியாக வாட விடாமல் இரண்டு பெண் குட்டிகளாகத் தரலாம். அதற்குரிய புல்லையும் இரண்டு மடங்காகக் கணக்கிட வேண்டும்.

சிலர் எமது குழுவுக்குள்ளேயே, "இடம்பெயர்ந்தவர்களுக்குச் செல்லப் பிராணி எதற்கு? அரிசியும் தகரமும் கொடுங்கள்" என்கின்றார்கள். அதை நாம் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் இழந்த பிள்ளை தன்னை நம்பியிருக்கும் ஓர் உயிரைப் பராமரிக்கும்போது அதன் முகத்தில் வரும் மாற்றத்தை நேரில் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். அதே பிள்ளையின் கையில் அந்த உயிர் செத்துக் கிடக்கும்போது பார்த்தவர்களும், புல்லைப் பற்றி யோசிக்காமல் இன்னொரு முயலைக் கொண்டுபோக மாட்டார்கள்.

ஏற்கெனவே முயல் வைத்திருக்கும் வீடுகளுக்குச் சில அவசரமான செய்திகள்.

காலையில் கூட்டைப் பாருங்கள். உருண்டையான, காய்ந்த, பெரிய புழுக்கை நிறையக் கிடந்தால் முயல் நலம். புழுக்கை சிறுத்து, மயிரில் கோத்த மணிபோல் வந்தால் குடல் மெதுவாகிவிட்டது. கரட்டையும் பாணையும் நிறுத்திப் புல்லை மட்டும் வையுங்கள். புழுக்கையே இல்லை, அரைநாளாக உண்ணவில்லை, குந்தியபடி பல்லைக் கடிக்கின்றது என்றால் அது அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடும் விடயமல்ல. சாக்கில் சுற்றிச் சூடாக வைத்து, அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வயிறு கல்லாக ஊதியிருந்தால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

வீட்டில் மிஞ்சியிருக்கும் அமொக்சிசிலின் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சலுக்குத் தந்தது, முயலுக்கும் நல்லதுதானே என்று ஒரு தந்தை கொடுத்தார். அமொக்சிசிலின், அம்பிசிலின், கிளிண்டமைசின் போன்றவை முயலுக்கு வாய்வழியாகப் போனால் குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடும். நஞ்சு பரப்பும் கிருமி அந்த இடத்தைப் பிடிக்கும். சில நாட்களில் முயல் ஓட்டத்தால் சாகும். மருந்தால்தான் செத்தது என்று எவரும் நினைக்கவும் மாட்டார்கள். கடையில் முயல் தீன் கிடைக்கவில்லை என்று கோழித் தீன் போடுவதும் அப்படியே. அதில் மாப்பொருள் மிகுதி. கோழிகளின் கொக்சிடியா நோயைத் தடுக்கச் சில தீன்களில் கலக்கும் மருந்துகள் முயலுக்கு நஞ்சு.

அந்தக் கொக்சிடியா முயலுக்கும் வரும், நெருக்கமாக அடைத்த ஈரக் கூடுகளில் முக்கியமாக. குட்டி வயிறு பெருத்து, முதுகெலும்பு தெரிய மெலிந்து, ஓட்டத்தோடு சாகும். புழுக்கையோடு வெளியேறும் அதன் முட்டைகள் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். ஆகவே கூட்டின் அடியைத் தினமும் துப்புரவாக்கினால் பாதி நோய் போய்விடும். புல்லைத் தரையில் போடாமல் கம்பி வலையில் செருகித் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். 2 கிலோ முயல் நாளொன்றுக்கு 100 முதல் 300 மில்லிலீற்றர் வரை குடிக்கும். "முயல் தண்ணீர் குடிக்காது" என்பது தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவர்களின் பேச்சு. உணவை மாற்றுவதென்றால் ஒரு கிழமை, பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

எங்கே காட்டுவது? அருகிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போகலாம். கண்டிக்கு அருகிலிருப்பவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கும் போகலாம். புழுக்கை கொஞ்சத்தைக் கடதாசியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். என்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். "அங்கே சிங்களத்தில் கேட்பார்கள், எமக்குச் சொல்லத் தெரியாது" என்று பலர் போகாமலே இருக்கின்றார்கள். மனிதருக்கான ஆஸ்பத்திரிக்கே தயங்குபவர்கள் முயலைத் தூக்கிக்கொண்டு போவார்களா? தமிழில் பேசும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. அதுவரைக்கும் இரண்டு வசனம் போதும். "ஹாவா கன்னே நே" என்றால் முயல் சாப்பிடவில்லை. "பட பிம்பிலா" என்றால் வயிறு ஊதியிருக்கின்றது. மிச்சத்தை முயலைப் பார்த்தே அவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

அந்தச் சிறுமியிடம் கடந்த மாதம் மறுபடியும் போனோம். முயல் ஏன் செத்தது என்று இம்முறை உண்மையைச் சொன்னோம். பிழை எம்முடையது என்றும் சொன்னோம். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புல்லுதானா? அது இருந்தாப் போதுமா?" என்று கேட்டாள். குடில்களுக்குப் பின்னாலுள்ள வடிகால் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்துக்குத் தோட்ட நிர்வாகம் வாய்மொழியாகச் சம்மதித்திருக்கின்றது. எழுத்தில் இன்னும் தரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கின்றோம். அவளும் மற்றப் பிள்ளைகளும் அதில் கினிப்புல் வேரும் சீ.ஓ. 3 தண்டும் நட்டிருக்கின்றார்கள். புல் இன்னும் முழங்கால் உயரம் வரவில்லை. இரண்டு தடவை வெட்டி, இரண்டு தடவையும் துளிர்த்த பிறகே முயல் என்று சொல்லியிருக்கின்றோம். அவள் கிழமைக்கொரு முறை குச்சியால் அளந்து பார்க்கின்றாள்.